கீழ் ஆன்டெனா

“கீழ் ஆன்டெனா மோட்டார் பிளக்கைக் கழட்டி என் கையில குடுங்க சார். பையில போட்டுக்கினுதான் ஏறுவேன்.”

கேட்டுவிட்டேன். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று என் நைனா, எங்கள் காலனியிலிருந்து மில் வரைக்கும் மொபெட்டை ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். கயிறு இற்றுப்போய்விட்டது, புதுசு வேண்டும் என்று கேள். லீவு கேள். பிளக்கைக் கேட்காதே. பிளக்கைக் கேட்பது, உங்களை நான் நம்பவில்லை என்று மொதலாளியின் மூஞ்சிக்கு நேராகச் சொல்வது. நைனாவின் அப்பா அந்த மில்லில் மூட்டை தூக்கியவர். நைனா செல்போன் டவர் வேலைக்கு ஊர் ஊராகப் போய்விட்டு, முட்டி தேய்ந்ததும் அதே மில்லுக்குத்தான் திரும்பி வந்தார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்த மனிதரிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அரிகிருஷ்ணன் சார் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபம். அவர் சிரிக்கிற மனிதர்.

“கோவிந்தசாமி, உன் பொண்ணு என்னைக் கொலைகாரன் ஆக்கிட்டா பாத்தியா” என்றார்.

நைனாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாருக்குச் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் அரிசி மில். நெல் காயவைக்கிற களத்தின் ஓரத்தில் எண்பதடி டவர் நிற்கிறது. செல்போன் கம்பெனியுடையது இல்லை. ஹாம் ரேடியோ டவர். அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டு அறையில் உட்கார்ந்தபடி ஜப்பான்காரனோடும் இத்தாலிக்காரனோடும் பேசுகிற பொழுதுபோக்கு. வருமானம் ஒன்றும் கிடையாது. காலேஜ் காலத்திலிருந்து சாருக்கு அதுதான் உயிர். டவர் உச்சியில் ஒரு ஆன்டெனா, பாதி உயரத்தில் இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரி, ஒரு லாரி நீளத்துக்கு. காலனிப் பிள்ளைகள் மீன்முள்ளு என்பார்கள்.

இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் குரல் சேர்ந்து போகும். கோட்டை மலை மறைக்கிற பக்கத்துக்கும் போகும். தனித்தனியாகத் திருப்பினால் ஒன்று ஜப்பானைக் கேட்கும், இன்னொன்று ஐரோப்பாவைக் கேட்கும். உச்சியில் இருப்பதைத் திருப்புவது பெரிய விஷயமில்லை, அதைத் தாங்குகிற குழாயை மோட்டார் சுற்றினால் போதும். பாதியில் இருப்பதுதான் தகராறு. நடுவில் டவரே நிற்கும்போது அது எப்படிச் சுற்றும்? டவரைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் போட்டு, வளையத்தில் பல் வெட்டி, மோட்டார் அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டு ஆன்டெனாவைச் சுமந்து ஓடுகிற மாதிரி வரைந்து கொடுத்தவள் நான். டவரை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பிகளில் இடிக்காமல் எந்த உயரத்தில் வைக்கலாம் என்று கணக்குப் போட்டதும் நான். கிளப் கூட்டத்தில் அது சாருடைய மகன் வெற்றிவேலின் டிசைன் ஆகிவிட்டது. வெற்றிவேல் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கைதட்டினார்கள், வாங்கிக்கொண்டான்.

நான் பி.இ. எலக்ட்ரானிக்ஸ். வீட்டின் முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீஸில் கொடுத்த சான்றிதழை அம்மா லேமினேட் பண்ணி டி.வி.க்கு மேல் மாட்டியிருக்கிறாள். முதல் பட்டதாரி இ-சேவை மையத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் ஹாம் லைசென்ஸும் இருக்கிறது. ரேடியோதான் இல்லை. வருடா வருடம் அக்டோபர் கடைசியில் உலகம் முழுக்க ஒரு போட்டி நடக்கும். இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்து யார் அதிக நாட்டுக்காரர்களைப் பிடிக்கிறார்கள் என்று. ஒவ்வொரு அக்டோபரிலும் சார், “அடுத்த தடவை மைக் உனக்குத்தான்” என்பார். டவர் ஏற மட்டும் இந்தத் தடவையே நான் வேண்டும். ஏறுவதைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டு, எங்க கிளப் ஒய்.எல். என்று எழுதுவார். ஹாம் பாஷையில் பெண் என்றால் யங் லேடி, அதன் சுருக்கம். பல் விழுந்த பாட்டியாக இருந்தாலும் ஒய்.எல்.தான்.

ரேடியோ அறை வீட்டு மாடியில். அதன் ஜன்னல் வரைக்கும் வெளியே ஏணி சாத்தி நான்தான் கேபிள் இழுத்தேன். உள்ளே போனதில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை.

அந்த வருடப் போட்டிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கீழ் ஆன்டெனாவைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்து, அது தன் இடத்திலிருந்து நழுவிவிட்டது. ரேடியோ அறையில் அதைத் திருப்புகிற பெட்டியில் முள் வடக்கு என்று காட்டும், வெளியே ஆன்டெனா வடகிழக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சேரவில்லை. யாராவது ஏறி, கையால் தள்ளி, மேலே உள்ளதுக்கு நேராக வைத்து, போல்ட்டை முடுக்க வேண்டும்.

சுற்றுகிற ஆன்டெனாவின் பக்கத்தில் போகிறவர் அதன் பிளக்கைத் தன் பையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். இது நான் கண்டுபிடித்ததில்லை, டவர் ஏறுகிற ஹாம்கள் எங்கேயும் செய்வது. கீழே இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பது அதில் வராது. அவர் மறக்கலாம், தும்மலாம், போன் வரலாம். போன மாதம் வரைக்கும் நானும் கேட்டதில்லை. போன மாதம்தான் வெற்றிவேல் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தான். திரையில் ஒரு நாட்டுக்காரனின் பெயரைத் தொட்டால் ஆன்டெனா தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். கை மறந்தாலும் மெஷின் மறக்காது என்று சார் எல்லாருக்கும் பெருமையாகக் காட்டினார். அதிலிருந்துதான் எனக்குப் பயம்.

“பெட்டியை ஆஃப் பண்ணிட்டேன்மா. நானே பண்ணேன். என் வார்த்தை போதாதா?” என்றார் சார்.

“வார்த்தையைப் பையில போட முடியாது சார்.”

களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் கைகளை நிறுத்திவிட்டார்கள். போட்டிக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த வெற்றிவேல் போனைப் பார்த்தான். சார் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மெதுவாக விளக்கினார். மேஜைக்குப் பின்னால் எல்லாக் கேபிளும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது, ஒன்றை உருவினால் இன்னொன்று வரும். பசிபிக் தீவு ஒன்றிலிருந்து ஒருத்தர் காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார், மேல் ஆன்டெனாவை வைத்து அவரைக் கேட்க வேண்டும். ஒன்றில் ரிப்பேர் நடந்தாலும் இன்னொன்று ஓட வேண்டும் என்றுதானே இரண்டையும் தனித்தனியாகச் சுற்ற வைத்தது. எனக்கு ஹாஸ்டல் சீட்டுக்குப் போன் பண்ணியது அவர்தான் என்பதும் அதில் வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்தது.

“எவ்ளோ படிச்சாலும் நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குதும்மா. அது சிலபஸ்ல வராது.”

நான் கையை நீட்டியபடியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்தக் கையைத்தான் நைனாவால் பார்க்க முடியவில்லை.

“பெல்ட்டைக் கழட்டு” என்றார் என்னிடம்.

அவருக்கு முட்டி போய்விட்டது, சர்க்கரை இருக்கிறது, டவர் ஏறி இரண்டு வருடமாகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் இடுப்பிலிருந்து டவர் ஏறுகிற பெல்ட்டைத் தானே அவிழ்த்தார், சின்ன வயசில் எனக்குச் சட்டை கழற்றிவிட்ட மாதிரி. “சின்னப் புள்ள மொதலாளி. வாய் நீளம். நான் ஏறுறேன்” என்றார். பெரிய மனுசன்யா நீ என்று சொல்லிவிட்டு சார் மாடிக்குப் போனார். வெற்றிவேலும் மில்லுக்குள் போய்விட்டான்.

மழைக்கு முந்தின புழுக்கம். ராஜகிரிக் கோட்டை மேல் மேகம் கறுத்து அப்படியே நின்றுகொண்டிருந்தது. களத்தின் ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கொட்டியிருந்த உமிக் குவியல் பக்கத்தில் நான் நின்றேன். அங்கிருந்து பார்த்தால்தான் மேல் ஆன்டெனாவும் கீழ் ஆன்டெனாவும் ஒரே கோட்டில் வருகிறதா என்று தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். என் கையில் ஹேண்டி இருந்தது, மாடி அறையோடு பேசுகிற சின்ன ரேடியோ. அதற்கு ஜோடி சாரின் மேஜை மேல்.

நைனா காலால் தள்ளி ஏறுகிறவர். நான் ஏறுவதைப் பார்த்தால், தொங்கிக்கொண்டு ஏறுகிறாய் என்று கிண்டல் பண்ணுவார். அன்றைக்கு அவரும் தொங்கிக்கொண்டுதான் ஏறினார். வளையத்துக்குப் போய் பெல்ட்டை மாட்டி, போல்ட்டுகளைத் தளர்த்தி, தோளைக் கொடுத்து ஆன்டெனாவைத் தள்ளினார். இன்னும் கொஞ்சம் கோட்டைப் பக்கம் என்று கத்தினேன். தள்ளினார். கொஞ்சம் பின்னால். தள்ளினார். போதும் என்றேன். வலது கையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, போல்ட் ஓட்டை சேருகிறதா என்று தடவிப் பார்க்க இடது கையை உள்ளே விட்டார். மோட்டாரின் பல்லுக்கும் வளையத்தின் பல்லுக்கும் நடுவில்தான் அந்த ஓட்டை. அப்படி அமையும்படி வரைந்தவளும் நான்தான்.

முதலில் சத்தம்தான் கேட்டது. ஒரு முனகல்.

கீழ் ஆன்டெனா திரும்பத் தொடங்கியது. அது வேகமாகச் சுற்றாது. ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மெதுவாகப் போவதுதான் கொடுமை. ஒரு பல், அடுத்த பல் என்று ஏறியது. நைனா கத்தவில்லை. “மதி” என்றார். சோறு போடு என்று கூப்பிடுகிற குரலில்.

ஹேண்டியில் நிறுத்துங்க நிறுத்துங்க என்றேன். பதில் இல்லை. அதை எறிந்துவிட்டு ஓடினேன். நெல்லின் மேலேயே ஓடினேன். வீட்டுக்குள் எந்தப் பக்கம் மாடிப்படி என்று கூட எனக்குத் தெரியாது. பூஜையறையைத் திறந்துவிட்டேன், பிறகுதான் படி தெரிந்தது.

அறை ஏ.சி.யில் சில்லென்று இருந்தது. சார் எனக்கு முதுகைக் காட்டி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மவுஸில் கை வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். இடது பக்கப் பெட்டியில் விளக்கு இல்லை. வலது பக்கப் பெட்டியில் விளக்கு எரிந்தது, முள் நகர்ந்துகொண்டிருந்தது. எது எந்த ஆன்டெனா என்று யோசிக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் கையை விட்டு அகப்பட்ட கேபிளையெல்லாம் சேர்த்து உருவினேன். எல்லாம் அணைந்தது.

சார் திரும்பி ஹெட்போனைக் கழற்றினார். “செருப்போட உள்ள வந்துட்டியா?” என்றார்.

யோசித்துச் சொன்னதில்லை அது. பழக்கத்தில் வாயில் வந்தது. யோசித்துச் சொல்லியிருந்தால் கூட மறந்திருப்பேன்.

பிளக்கை உருவினால் மோட்டார் நிற்கும், பிடித்ததை விடாது. பெல்ட் இல்லாமல் ஏறினேன். மோட்டாரின் முனையில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் பின்னோக்கிச் சுற்றினேன். நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று, சுற்று, அவசரப்படாதே என்றார். நான் அழுதுகொண்டு அவரைத் திட்டினேன், வாய்க்கு வந்ததையெல்லாம். விரல்கள் வெளியே வந்தன. வந்ததை விரல் என்று சொல்ல முடியாது.

எப்படியோ இறக்கினேன். களத்தில் உட்கார்ந்து துண்டைச் சுற்றிக்கொண்டார். நெல் துழாவுகிற பெண்கள் சுற்றி நின்றார்கள். சார் படியிறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மில்லுக்குள்ளிருந்து ஓடி வந்த வெற்றிவேல், “அப்பா, அந்தப் பெட்டி...” என்று ஆரம்பித்தான். அப்போது நைனா தலையைத் தூக்கிச் சொன்னார்:

“காத்து மொதலாளி. திடீர்னு ஒரு காத்து அடிச்சிச்சி. நான்தான் கைய வச்சிட்டேன்.”

உமிக் குவியல் மேல் ஒரு உமி அசையவில்லை. எல்லாரும் அந்தக் காற்றில்லாத இடத்தில்தான் வியர்த்துக்கொண்டு நின்றோம். சாரின் முகத்துக்கு ரத்தம் மெல்லத் திரும்பி வருவதை நான் பார்த்தேன். கன்னத்தில் வந்தது, நெற்றியில் வந்தது.

“ஆமா. மேல காத்து இருக்கும்” என்றார்.

வெற்றிவேல் வாயை மூடிக்கொண்டான். காரை எடுக்கட்டுமா என்று கேட்டான். சார் மில்லில் மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டியை எடுக்கச் சொன்னார். கார் சீட்டெல்லாம் துணி. காலியான சாக்குகளின் மேல் நைனாவைச் சாய்த்து உட்கார வைத்து, செஞ்சி ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம். வழி முழுக்க நான் ஒன்றைத்தான் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. வாயை மூடிக்கொண்டு வா என்றார். பிறகு, வலி அதிகமானபோது, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

அவசர சிகிச்சையில் இருந்த டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். எப்படி அடிபட்டது என்று கேட்டாள். போர் மோட்டார் பெல்ட்டில் கை மாட்டிவிட்டது, வீட்டில், என்றார் நைனா. காற்று கூட இப்போது இல்லை. டவரே இல்லை. மில்லே இல்லை.

“இல்ல டாக்டர். டவர் மேல வேலை செய்யும்போது கீழ இருந்து மோட்டாரை ஓட்டிட்டாங்க. நான் பாத்தேன்.”

“அது பயந்துக்கினு இருக்குதும்மா. இன்னான்னமோ உளறுது. நீ எழுதிக்க, மோட்டாரு” என்றார் நைனா.

எங்கள் வீட்டில் போர் கிடையாது. தெருக் குழாய்தான். டாக்டர் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் அடிபட்டவர் நினைவோடு இருக்கும்போது அவர் சொல்வதைத்தான் எழுத முடியும் என்றாள். எழுதினாள். அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு வெற்றிவேல் வந்தான். ஆப்பிள், ஹார்லிக்ஸ். அம்மா நைனாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். என் அம்மா மாரியம்மாள் எதற்கும் அழாதவள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வருகிற அதே முகத்தோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மொதலாளி மகனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நைனாவும் எழப் பார்த்தார். வெற்றிவேல் என்னைக் கண்ணால் வெளியே கூப்பிட்டான்.

வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். விபத்துக்கு முந்தின நாள் இரவு மேஜையைச் சுத்தம் பண்ணினானாம். இரண்டு பெட்டிகளையும் தூக்கி, திரும்ப வைக்கும்போது இடம் மாற்றி வைத்துவிட்டானாம். கீழ் ஆன்டெனாவின் பெட்டி எப்போதும் இடது பக்கம்தான் இருக்கும். அவன் அப்பா வழக்கம்போல இடது பக்கத்தை ஆஃப் பண்ணிவிட்டு, நிஜமாகவே கீழ் மோட்டாரை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தீவுக்காரனின் பெயரைத் தொட்டதும் உயிரோடு இருந்த பெட்டி திரும்பியிருக்கிறது.

“அப்பா பொய் சொல்லல வெண்மதி. அவருக்குத் தெரியாது.”

“இதுக்குத்தான் பிளக்கைக் கேட்டேன்.”

“தெரியும்.”

இதை யாரிடமெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்பாவிடம் சொன்னேன் என்றான். போட்டி முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். இரண்டு நிமிடம் அவன் மேல் எனக்குப் பரிதாபமாகக் கூட இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே வந்து நைனாவின் முன்னால் மீதியைச் சொன்னான். அப்பா ரொம்ப வருத்தப்படுகிறார். ஆஸ்பத்திரிச் செலவு, மேற்கொண்டு எது வேண்டுமானாலும் அவர் பார்த்துக்கொள்வார். பிறகு என் பக்கம் திரும்பி, நாளைக்குத் தொடங்குகிற போட்டியில் இரண்டு நாளும் நான்தான் மைக்கில் உட்கார வேண்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார் என்றான். முடிவு வரும்போது என் பெயர்தான் வரும். கிளப் குரூப்பில் காலையிலேயே போட்டுவிட்டாராம். ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கீழ் ஆன்டெனா முடுக்காமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு சாயங்காலத்துக்குள் யாராவது ஏறி அந்த இரண்டு போல்ட்டையும் முடுக்கிவிட்டால் போதும்.

பொய் சொல்ல மாட்டேன், என் உடம்பு சிலிர்த்தது. ரேடியோ அறையின் அந்த நாற்காலி கண் முன்னால் தெரிந்தது. லைசென்ஸோடு கொடுத்த என் அழைப்புப் பெயரை நானே சொல்வது, எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் ஒருத்தன் அதைத் திருப்பிச் சொல்வது. அவனுக்கு நான் காலனியா ஊரா என்று தெரியாது. ஒரு குரல், அவ்வளவுதான். நான் இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்ததே அதற்காகத்தான். நைனாவின் இரண்டு விரல் போன மறுநாளும் எனக்கு அந்த ஆசை இருந்தது.

நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. நேற்றிலிருந்து இப்போதுதான் மலர்கிறது.

“போய் ஏறும்மா. நாலு வருசமா இதுக்குத்தான அலைஞ்ச. ரெண்டு போல்ட்டு. முடுக்கிட்டு இறங்கிடு” என்றார்.

“பிளக்கு?” என்றேன்.

வெற்றிவேல் தரையைப் பார்த்தான். “அத மட்டும் கேக்காத. இப்ப கேட்டா, நேத்து தப்பு நடந்துதுன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் பெட்டி பக்கத்துலயே நிக்கிறேன்.”

“அதான் தம்பி நிக்கிறேன்னு சொல்லுதே” என்றார் நைனா.

கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் இதைச் சொன்னார். சாரைத் திட்டலாம், இவனைத் திட்டலாம். இவரை என்ன செய்வது? இவர் எனக்காகத்தான் ஏறினார், எனக்காகத்தான் பொய் சொன்னார், எனக்காகத்தான் இப்போது என்னை ஏறச் சொல்கிறார். எல்லாம் எனக்காக. அதில் என்னை எங்கே தேடுவது என்றுதான் தெரியவில்லை.

எழுந்து பையை எடுத்தேன். அந்த நிமிடத்தில் எடுத்த முடிவில்லை. நேற்று அந்த டாக்டர் பேனாவை மூடியபோதே முடிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

“செஞ்சிக்குத்தான் போறேன். டவர் ஏறறதுக்கு இல்ல” என்றேன். “போலீசுல எழுதிக் குடுக்கப் போறேன். பெட்டி மாறுனது, சார் அந்த மவுஸைத் தொட்டது, நான் ரூமுக்குள்ள போய்ப் பாத்தது. எல்லாம்.”

அம்மா இட்லிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“பெட்டி மாறுனதா? நான் உன்கிட்ட ஒண்ணும் சொல்லல” என்றான் வெற்றிவேல். உடனே சொன்னான். வராந்தாவில் நகம் கடித்த அதே வாய்.

“யார் கேட்டாலும் நான் காத்துன்னுதான் சொல்லுவேன்” என்றார் நைனா.

“சொல்லு நைனா. நீ சொல்றத நீ சொல்லு. நான் பாத்தத நான் சொல்றேன்.”

“எவன்டி நம்புவான் உன்ன?”

யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே தெரியும். கை போனவர் காற்று என்கிறார், ஆஸ்பத்திரியில் போர் மோட்டார் என்று இருக்கிறது, நெல் துழாவிய பெண்களுக்கு நாளைக்கும் அந்தக் களத்தில் வேலை வேண்டும். என்னிடம் இருப்பது என் கண் மட்டும்தான். போட்டி முடிந்து திங்கட்கிழமை நைனாவுக்கு மில்லில் வேலை இருக்காது. ஒருவேளை யாரையாவது அனுப்பிக் கூப்பிட்டு வேலை கொடுத்து, அதையும் எனக்கு எதிராகக் காட்டுவார்கள். சாயங்காலம் அந்த இரண்டு போல்ட்டை முடுக்கக் காலனியில் இன்னொருத்தர் கிடைப்பார். அவரும் பிளக்கைக் கேட்க மாட்டார். நான் எழுதிக் கொடுப்பதால் இதில் ஒன்று கூட மாறாது.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

“போனா அப்படியே போயிடு. வூட்டுக்கு வராத” என்றார். கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தேன். அம்மா பின்னாலேயே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மாடிப்படியின் மேல் நின்று என் முழங்கையைப் பிடித்தாள். போகாதே என்பாள் என்று நினைத்தேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

“ராத்திரிக்கு எங்கம்மே படுப்ப?” என்றாள்.

அதற்கு இல்லை. அவள் கையை மெல்ல எடுத்துவிட்டேன். படியிறங்கினேன். கீழே புறநோயாளிகள் வரிசை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க என்று சொல்லிக்கொண்டே நடுவில் புகுந்து வெளியே நடந்தேன்.